வெர்னாவின் ஆறு சிலிண்டர்

என் மச்சான் ஹார்லனின் கழுத்தெலும்பில் ஸ்க்ரூ வைத்த டாக்டர், இன்னொரு இடி வாங்கினால் கை கால் விளங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது ஜனவரி. ஆகஸ்டில் எங்கள் மாவட்டத் திருவிழாவில் நடக்கும் கார் மோதல் டெர்பிக்காக அவர் அதற்குள் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தயார் செய்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

பதினாறு வருஷம் அந்தச் சேற்று வளையத்துக்குள் இறங்கியவர். இருபது பழைய கார்கள் ஒன்றையொன்று முட்டி நொறுக்கும். கடைசிவரை அசைகிற கார் ஜெயிக்கும். அத்தனை வருஷமும் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அவருடைய தங்கை, என் மனைவி வெர்னா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். "இந்த வருஷம் நான் ஓட்டுறேன்" என்று ஆஸ்பத்திரியிலேயே அவள் சொன்னபோது ஹார்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னது ஒன்று, அவர் புரிந்துகொண்டது இன்னொன்று என்று மார்ச்சில்தான் தெரிந்தது.

பழைய இரும்புக் கடையிலிருந்து டிரெய்லரில் ஓர் இன்ஜினை ஏற்றிக்கொண்டு வந்தாள் வெர்னா. ஏதோ பண்ணையில் உழைத்துத் தேய்ந்த பிக்கப் வண்டியினுடையது. ஆறு சிலிண்டர்.

"என்ன இது, தண்ணி இறைக்கவா?" என்றார் ஹார்லன்.

"என் காருக்கு."

"உன் காருக்குத்தான் எட்டு சிலிண்டர் ரெடியா நிக்குதே! ஒரே இடி, எதிராளியோட டிக்கி அவன் மடியில வந்து உக்காரும்."

"உக்காரும். அப்புறம் ரேடியேட்டர் உடையும், பத்தே நிமிஷத்துல சூடேறி ஜாமாகும். பதினாறு வருஷத்துல பதினோரு தடவை உன்னைக் கட்டி இழுத்துட்டுத்தான் வந்தோம். கயிறு கட்டினவ நான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்ளே, நீ வாயை மூடு" என்றார் ஹார்லன்.

வெர்னா தன் திட்டத்தைச் சொன்னாள். பின் சக்கர அச்சு கனரக டிரக்கிலிருந்து வரும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி அதன் உள் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்துவிடுவாள். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் போகிற தண்டு ஒரே குழாயாக இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாயாக இருக்கும். காரின் பின்புறம் நசுங்கினாலும் தண்டு சுருங்கிக் கொடுக்கும். கியர் பாக்ஸில் போய்க் குத்தாது.

"எல்லாம் தாங்குறதுக்குத்தான். இடிக்கிறதுக்கு என்ன வெச்சிருக்கே?"

"இடிக்க ரெண்டு டன் காரு இருக்குல்ல? அண்ணே, உன் இன்ஜினைப் போட்டா பெடலை மிதிக்கிற கால்தான் என்னோடது. ஓட்டுறது நீயாத்தான் இருப்பே. ஒரு தடவையாவது நான் ஓட்டிப் பாக்குறேனே."

ஹார்லன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அந்த எட்டு சிலிண்டரையும் கியர் பாக்ஸையும் பன்றிப் பண்ணை டெல்பர்ட்டுக்கு அவர் விற்றுவிட்டார் என்று மளிகைக் கடையில் யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். டெல்பர்ட்டும் டெர்பிக்காரன். வெர்னா பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, சாயங்காலம் முழுக்க வெல்டிங் முகமூடிக்குள்ளேயே இருந்தாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ஹார்லன் வந்தார். வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை. காருக்கடியில் படுத்து டேப்பால் அளந்தார்.

"உள் குழாய் அரை அங்குலம் கூடுதல் நீளம். முழுசா மடங்கினா முட்டும்."

"வெட்டு அப்போ."

வெட்டினார். டெல்பர்ட் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாத வெயிலில் வளையத்துக்குத் தண்ணீர் அடித்துச் சேறாக்கியிருந்தார்கள். நானும் ஹார்லனும் கம்பி வேலியை ஒட்டி நின்றோம். வெர்னா முன்பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ரிவர்ஸிலேயே போய்ப் பின்புறத்தால் இடித்துக்கொண்டிருந்தாள். பலமான இடி ஒன்றுகூட இல்லை. ஹார்லன் பல்லைக் கடித்தார். நான்காவது நிமிஷத்தில் ஒரு கார் அவள் ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. ஆவி கிளம்பியது. ஆனால் அந்த ஆறு சிலிண்டர் இருமிக்கொண்டே ஓடியது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் மிஞ்சியது இரண்டு: வெர்னா, டெல்பர்ட்.

டெல்பர்ட் வந்து இடித்த இடியில் வெர்னாவின் கார் அரை வட்டம் சுற்றியது. அதே இடியில் அவனுடைய கியர் பாக்ஸ் பிளந்தது. சேற்றில் சிவப்பாக எண்ணெய் கொட்டியது. எட்டு சிலிண்டரும் கர்ஜித்தன, சக்கரம் அசையவில்லை.

அவன் காரின் மூக்கு வெர்னாவுக்கு நேர் எதிரே, ஒரு கார் தூரத்தில் நின்றது. விதிப்படி அசைந்தால் மட்டும் போதாது; ஒரு நிமிஷத்துக்குள் ஓர் இடி இடித்தால்தான் கோப்பை அவளுக்கு. இல்லாவிட்டால், கடைசியாக இடித்தவன் என்ற கணக்கில் டெல்பர்ட்டுக்கு.

"போ! நேரா போ!" என்று கத்தினேன்.

அவள் நேராகப் போகவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். அவன் காரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகப் பார்த்தாள். பாதிச் சுற்றில், சேறு ஆழமாக இருந்த இடத்தில், அவள் இன்ஜின் ஒரு தடவை கிறீச்சிட்டு நின்றது. நடுவர் கொடியைக் கீழே இறக்கினார்.

ஹார்லன் வேலியைத் தாண்டிக் குதித்தார், அந்தக் கழுத்தோடு. நான் பின்னால் ஓடினேன்.

"பைத்தியமா உனக்கு? மூக்கு கண்ணுக்கு முன்னால நின்னுச்சே! லேசாத் தட்டியிருந்தாலே போதுமே!"

வெர்னா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "அதுல உன் இன்ஜின் இருந்துச்சு."

"அது டெல்பர்ட்டோடது! வித்தாச்சு! எனக்கென்ன அதைப் பத்தி?"

"எனக்கும் தெரியும். கை தானாத் திருப்பிடுச்சு." அவள் முகத்தில் சேறும் வியர்வையும் வழிந்தன. "நான் நானா ஓட்டணும்னுதான் இவ்வளவும் பண்ணேன். கடைசி நிமிஷம் உனக்காக ஓட்டித் தொலைச்சுட்டேன்."

ஹார்லன் நசுங்கிய கதவில் கையூன்றிக் கேட்டார்: "அடுத்த வருஷம் நான் வராம இருந்துடவா?"

"வா. ஆனா என் கண்ணுல படாத இடமாப் பாத்து உக்காரு. அவனுக்கு எதையும் விக்காதே."

"விக்கிறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

"நல்லதாப் போச்சு."

மறு ஆகஸ்டில் அவர் மேல் வரிசையில், பொரித்த சோளமாவு சாஸேஜைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கத்தாமல் உட்கார்ந்திருந்தார். வெர்னா மூன்றாவதாக வந்தாள். வழியில் ஆறு பேருடைய மூக்கை உடைத்திருந்தாள். அதில் ஒன்று டெல்பர்ட்டினுடையது.