பச்சை வாளிக்குள் முட்டை ஓடு

எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியை மாநகராட்சி லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று தெருவே கைதட்டியது. என் மாமனார் கைலாசம் வீடுவீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அந்தத் தொட்டியை எடுக்கச் சொல்லி அவர் ஏறி இறங்காத அலுவலகம் டவுணிலும் இல்லை, பாளையங்கோட்டையிலும் இல்லை. இனி மாடு மேயாது, நாய் இழுக்காது, வாசலுக்கே வண்டி வரும், பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை என்று ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கப் பேசினார். தொட்டி போனதே என்று நொந்து நின்றவள் நான் ஒருத்திதான்.

காரணம், முட்டை. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. உடம்பில் தெம்பே இல்லை, தினமும் முட்டை சாப்பிடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்களோ சுத்த சைவம். மாமியார் கோமு வெள்ளிதோறும் வீட்டில் தேவாரக் கூட்டம் நடத்துகிறவர். கேக்கில் முட்டை இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அதனால் என் கணவர் குமரவேல் மடிக்கணினிப் பையில் முட்டை கடத்திவருவார். மாடி அறையில் மின்சாரக் கெட்டிலில் அவிப்போம். மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் விழுங்க, வாடை போக அவர் சாம்பிராணி போடுவார். மருமகளுக்குப் பக்தி கூடிவிட்டது என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். ஓடுகளைக் காகிதத்தில் சுற்றிக் குமரவேல் அலுவலகம் போகிற வழியில் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிடுவார். யார் வீட்டு முட்டை என்று மாடா கேட்கப்போகிறது?

தொட்டி போன பிறகு ஓடுகளும் அவரோடு அலுவலகம் வரை போயின. பிறகு பயிற்சி என்று அவர் ஒரு வாரத்துக்கான முட்டையை மாடியில் வாங்கி வைத்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட, நான் மாட்டிக்கொண்டேன். பொடித்து ரோஜாச் செடிக்குப் போட்டால், எறும்பு ஏன் மொய்க்கிறது என்று மாமா குச்சியோடு வந்து கிளறுகிறார். கடைசியில் பச்சை வாளியின் அடியில் போட்டு, மேலே வாழைப்பழத் தோலையும் முருங்கைக்காய்ச் சக்கையையும் பரப்பினேன். வண்டியில் வரும் இசக்கிச்செல்வி அப்படியே கொட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நம்பினேன்.

மறுநாள் காலையில் வண்டியோடு மாநகராட்சி மேற்பார்வையாளர் தாணுமாலையனும் வந்தார். தொட்டியில்லாத தெருவைப் பார்க்க வந்தாராம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு நிறுத்தி, வாசலில் சாக்கை விரித்தார்.

"குப்பைய எப்படிப் பிரிக்கணும்னு எங்க வீட்டு வாளியப் பாத்துத் தெரிஞ்சிக்கிடும்வே, எல்லாரும்!" என்று பச்சை வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

அடியில் கிடந்தது மேலே வந்தது. வெள்ளைவெளேரென்று முட்டை ஓடு. மாமா வாளியைப் பிடித்தபடியே நின்றார். எதிர்வீட்டு விஜயஸ்ரீ, தேவாரக் கூட்டத்தில் அத்தைக்குப் பக்கத்தில் உட்காருகிறவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இசக்கிச்செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். "முட்டைத்தோடும் மக்குற குப்பைதான் அண்ணாச்சி. சரியான வாளியிலதான் போட்டிருக்கிய."

"ரொம்பச் சரி" என்று தாணுமாலையனும் தலையாட்டினார்.

"யாரு தின்னது?" என்று கேட்டார் மாமா. விஜயஸ்ரீயின் பார்வை மெல்ல நகர்ந்து என் வயிற்றில் வந்து நின்றது.

"நாந்தான் தின்னேன்."

அத்தை. நெற்றி நிறையத் திருநீற்றோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"மதினி, நீங்களா? வெள்ளிக்கிழம தேவாரம் படிக்கிற வாயா?" என்றார் விஜயஸ்ரீ.

"வெள்ளிக்கிழம எங்க தின்னேன்? வியாழக்கிழமல்லா தின்னேன். முட்டுவலிக்கு டாக்டர் சொன்னாவ. உப்பு போட்டா நல்லாத்தான் இருக்கு. வேணும்னா நீயும் வா, தாரேன்."

தாணுமாலையன் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்துத் தெருவும் சிரித்தது. மாமா மட்டும் அத்தையைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டே சாக்கைச் சுருட்டினார்.

"ப்ரியா, உள்ள வா" என்றார் அத்தை. அவர் பின்னாலேயே அடுக்களைக்குப் போனேன்.

"டாக்டர் சொன்னாவளா?"

தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு அத்தை."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வாயும் வயிறுமா இருக்கவ, எனக்குப் பயந்தா ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்ன? பிள்ளைக்குன்னு சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"நீங்க ஏன் அத்தை பழிய உங்க மேல போட்டுக்கிட்டீங்க? தெருவே உங்களப் பேசும்."

"பேசிட்டுப் போட்டும். அறுவது வயசுக்கு மேல என் பேரு கெட்டா எத்தன நாளைக்கு? நீ இந்தத் தெருவுல இன்னும் நாப்பது வருசம் குடியிருக்கணும்லாட்டி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாத. பிள்ளைக்கு ஆகாது" என்று அதட்டிவிட்டு, அத்தை அடுப்பில் தண்ணீர் வைத்தார். "மாடியில இருக்கத எடுத்துட்டு வா. இத எம்புட்டு நேரம் அவிக்கணும்?"