வண்டி உறுதி

டயாலிசிஸுக்குப் போகிறவர்களை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போக ஒரு செயலி. அதை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. அவள் அப்பாவும் டயாலிசிஸ்காரர்தான். முதல் ஆளாகப் பெயர் கொடுக்கக் காத்திருந்தார்.

வண்டி அனுப்புவது வேறொரு நிறுவனம். ஒவ்வொரு சோதனைக்கும் அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் சொல்லப்போகும் பதிலை இவர்களே எழுதி வைத்துக்கொள்வார்கள்; அதற்கு மாக் என்று பெயர். டீம் லீட் எழுதி வைத்திருந்த மாக்கில் ஒரே பதில்தான்: 200, அதாவது கணினி மொழியில் ‘சரி’; வண்டி உறுதி.

அவள் நிஜப் பதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். வண்டி இல்லாவிட்டாலும் அந்தப் புண்ணியவான்கள் 200 என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ‘வண்டி இல்லை’ என்பது கடைசி வரியில் ஒளிந்து கிடந்தது. செயலியோ 200-ஐத் தாண்டிப் படிப்பதே இல்லை. அந்தப் பதிலை அப்படியே மாக்காக வைத்து ஓட்டினாள். சோதனை தோற்றுத் திரை சிவந்தது.

லீட் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். “டெமோ அன்னைக்குத்தான் சிவப்பு காட்டணுமா?”

“நிஜத்துல இப்படித்தான் வருது சார்.”

“நிஜத்தை அப்புறம் பாத்துக்கலாம். தூக்கு அதை.”

“யாராவது வாசல்ல காத்துக் கெடப்பாங்க சார்.”

“உங்க வீட்லயே நீதான் மொத டிகிரி, இல்ல? அதான் எல்லாமே உனக்குப் பரீட்சை பேப்பரா தெரியுது.”

பக்கத்து நாற்காலிகள் சிரித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பதிலை அழித்தாள். எல்லாம் பச்சை. டெமோவில் கைதட்டினார்கள்.

செயலி வெளியான இரண்டாவது வாரம், மத்தியானம் வீட்டுக்குப் போன் போட்டாள்.

“ஆஸ்பத்திரி போயிட்டீங்களாப்பா?”

“காலையிலேர்ந்து வாசல்லதாம்மா உக்காந்திருக்கேன். காலு வீங்கி செருப்பு ஏறல.”

“வேற வண்டி பிடிச்சிருக்கலாம்லப்பா!”

“எதுக்கு? உறுதின்னு போட்டிருக்கே.”

அலுவலகக் கணினியில் அவர் பெயருக்கு வந்திருந்த பதிலைத் திறந்தாள். 200. கடைசி வரிக்குப் போகப் பயமாக இருந்தது. போனாள்.

“அப்பா, வண்டி வராது.”

“போம்மா. எம்பொண்ணு எழுதினது, தப்பாகாதுன்னு உங்கம்மாகிட்ட இப்பத்தான் சொன்னேன்.”

அவள் பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். “எங்க கிளம்பிட்ட?” என்று லீட் பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது, திரும்பவில்லை. போனில் அப்பாவுக்கு இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

“நான் வண்டி பிடிச்சிட்டு வரேன். நீங்க உள்ள போய்ப் படுங்கப்பா.”

“உள்ள போயிட்டா வண்டிக்காரன் ஆளில்லன்னு திரும்பிப் போயிடுவான்மா.”