யார் தைத்த பொத்தான்

கணவர் இறந்து இருபது நாளாகியும் தையல்காரியின் கண்ணில் சொட்டு நீர் வரவில்லை. ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். "இனிமே உங்க சட்டைல ஊசி வைக்கமாட்டேன்" என்று ஒரு சண்டையில் சொன்னவள், கடைசிவரை வாக்குத் தவறவில்லை.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவர் சட்டைகளை மடித்தபோதுதான் கவனித்தாள். ஒன்றில்கூடப் பொத்தான் விழுந்திருக்கவில்லை. பஸ் பட்டறை மெக்கானிக்கின் சட்டைக்கு அது நடக்காத காரியம். திருப்பிப் பார்த்தாள். குறுக்காக நூல், அடியில் மூன்று சுற்று, பின்பக்கம் முடிச்சே தெரியவில்லை. தையலும் கையெழுத்து மாதிரிதான். இரண்டு வருடம் இவளுக்குப் பக்கத்து மிஷினில் தைத்தவளின் கை அது. இப்போது அடுத்த தெருவில் தனிக்கடை வைத்திருக்கிறாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போனாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

கடைக்காரி எழுந்தாள். "எது அக்கா?"

"அவருக்குப் பொத்தான் தைக்கிறது."

"அதுவா? நாலஞ்சு வருஷமா. தைக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பாரு."

"பேசமாட்டாராக்கும்? வீட்டுல அந்த வாய்க்கு ஊரே பத்தாது."

"'நீயும் அவள மாதிரி பல்லாலதான் நூலை அறுக்கிற'ன்னு ஒருநாள் சொன்னாரு. அவ்வளவுதான்."

"செத்தவரை நல்லவராக்கப் பாக்காதடி. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? இப்பவே கண்ணாலயே எரிக்கிறீங்க."

பதிலைத் தயாராக வைத்திருந்தாற்போல் பட்டது. தையல்காரியின் பார்வை கடையைத் துழாவியது. அடித்தட்டில் நீலச் சட்டை ஒன்று.

"அது?"

"கடைசியா வச்சுட்டுப் போனது. அப்புறம் வரவேயில்ல."

"துவைக்கக்கூட இல்லையா?"

"வேற வீட்டு ஆம்பளை சட்டையை நான் எதுக்குக்கா துவைக்கணும்?"

பிடுங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். காலரைப் பிரித்தாள், பையை வெளியே இழுத்தாள், ஒரு நீள முடியாவது கிடைக்குமா என்று தோளில் விரலால் தடவினாள். கிடைத்துவிட்டால் நிம்மதி என்றுகூட இருந்தது. வேறு யாருடைய பவுடர் வாசனையாவது வருகிறதா என்று மூக்கில் வைத்தாள்.

கிரீஸ். டீசல். அவருடைய வியர்வை.

நம்பாமல் மறுபடியும் வைத்தாள். இந்த முறை முகத்தை எடுக்கவில்லை. தோள்கள் குலுங்கின. அடக்கியும் சத்தம் வெளியே வந்தது. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பிப் பார்த்தவர்களைக் கடைக்காரி கவனித்தாள். மிஷின் முன் உட்கார்ந்து, துணி எதுவும் வைக்காமலே வேகமாக மிதிக்கத் தொடங்கினாள்.