சொல்லக் கூடாத ஓட்டை

என் தங்கை என் கணவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவாள், அவரும் சிரித்துக்கொள்வார். அந்த மனிதர் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு வீட்டில் ஏதோ விசேஷம் என்று பொருள்.

அவர் ஒரு லைப்ரரியைப் பராமரித்துவந்தார். புத்தகங்கள் இருக்கும் லைப்ரரி இல்லை. சுருக்கி அனுப்பிய கோப்புகளைப் பிரித்துத் தரும் சின்ன மென்பொருள் அது. மற்ற மென்பொருள்கள் அதை எடுத்துத் தமக்குள் வைத்துக்கொள்ளும். வங்கி, ரயில், கைப்பேசி, எங்கே தோண்டினாலும் அடியில் அது கிடக்கும். இவ்வளவுக்கும் அதைக் கவனித்துக்கொண்டது, எங்கள் படுக்கையறை மூலையில் துணிக் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த இந்த ஒரே ஆள்தான். அதற்குச் சம்பளமும் கிடையாது. ஊரான் வீட்டுக் கூரை ஒழுகாமல் பார்க்கவே பிறவி எடுத்தவர் என்று நான் குத்திக்காட்டுவேன்.

எனக்கு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. அந்த வருடம் தங்கைக்குத் தலையில் கட்டி வந்து, எங்கள் மருத்துவமனையிலேயே கதிர்வீச்சு கொடுத்தார்கள். நடுவில் நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர் இவர்தான்.

"வழியெல்லாம் பேசியே கொல்றீங்க மாமா. கொஞ்சம் வாய மூடிட்டு ஓட்டுங்க," என்று தங்கை கிண்டலடிப்பாள். இவர் அதற்கும் சிரித்துக்கொண்டே ஓட்டுவார்.

நடுவில் சில நாட்கள் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"வேலையில ஏதாவது சிக்கலா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

பாதித் தட்டோடு எழுந்துவிட்டார்.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருடைய லைப்ரரியில் ஓர் ஓட்டை இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கண்டுபிடித்து, காதும் காதும் வைத்தாற்போல் இவருக்குத் தெரிவித்திருந்தார். கெட்ட எண்ணத்தோடு செய்த ஒரு கோப்பை அது பிரித்தால் போதும், மொத்தக் கணினியும் திருடன் கைக்குப் போய்விடும். இவர் உடனே சரிசெய்துவிட்டார். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த லைப்ரரியை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் தயாராகி, ஒரே நாளில் திருத்தத்தை வெளியிடும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. பெற்ற தாயிடமும் கூடாது, கட்டிய மனைவியிடமும் கூடாது. ஒரு காதுக்குப் போனது பத்துக் காதுக்குப் போகும். பத்தில் ஒருவன் திருடனாக இருப்பான். மற்ற எல்லாரும் தயாரான பிறகு ஒரு நிறுவனம் மட்டும் இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றது. கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில் வேறு எவனோ அதே ஓட்டையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டான்.

வெளியிலிருந்து ஸ்கேன் படங்கள் சுருக்கப்பட்டு வரும் எங்கள் மருத்துவமனைக் கணினியிலும் அந்த லைப்ரரிதான் இருந்தது. அதன் வழியாக உள்ளே நுழைந்தான். காலையில் நான் போனபோது ஒரு திரையும் திறக்கவில்லை. யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு கதிர் என்ற கணக்கெல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தது. அது இல்லாமல் இயந்திரத்தை ஓட்ட முடியாது. மற்ற மருத்துவமனைகளிலும் இதே கதி. தங்கைக்குச் சில வாரங்கள் சிகிச்சை நின்றது. கட்டி நிற்கவில்லை.

திருத்தம் வெளியான அன்று அவரே என் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த ஒரு மெஷின அணைச்சு வைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அணைப்ப. ஏன் அணைச்சேன்னு உன்ன கேப்பாங்க. நீ ஏதாவது சொல்லித்தான் ஆகணும். அப்புறம் அது ஊர் முழுக்க..."

"அவள தினம் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிட்டுப் போனீங்களே!"

அவர் அழுதார். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் தங்கை போய்விட்டாள். கடைசி நாட்களில்கூட, "கல்லுளிமங்கன திட்டாதக்கா. அவரால முடியாது, அவ்வளவுதான்," என்றாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். தொழில் தெரிந்தவள் நான். அவர் சொன்ன நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அவரால் முடியவில்லை, அவர் அப்படிப்பட்டவர் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"இன்னொரு ஓட்டை வந்திருக்கு," என்றார். "வெளிப் படம் வர்ற மெஷின இன்னைக்கே அணைச்சிடு. யாராவது கேட்டா ரிப்பேர்னு சொல்லு."

நான் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

போனதும் அணைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கதிர்வீச்சுப் பிரிவில் அன்றைக்கும் வரிசையாகப் பெயர் கூப்பிட்டார்கள். ஒருவர் விடாமல் உள்ளே போய் வந்தார்கள். அங்கே காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அவரால் முடியாது என்று நம்பித்தான் அவரை மன்னித்திருந்தேன். அவரால் முடியும்.