உப்புப் பார்க்காத பக்கோடா

1

இந்தக் கதையை நண்பர் ஹுமாயூனிடமிருந்து திருடினேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர், டீ குடிக்கையில் வாய்தவறிச் சொன்ன ஒரு வரிதான். அவருடைய பெரியம்மா நோன்பு மாதத்தில் பக்கோடா சுடும்போது, உப்புச் சரியா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிடுவாராம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

வெள்ளாற்றங்கரையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்த அந்த

[வேண்டாம். எண்ணெய் காயும் வீட்டில் அந்தியை யார் பார்க்கிறார்கள்?]

1946, ஆடி மாதம், நோன்புக் காலம். ஜைனம்பு சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

இது இருக்கட்டும்.

2

ஜைனம்புவின் கணவர் மதார் பினாங்குக்குப் பிழைக்கக் கப்பலேறிச் சபர் போனவர். யுத்தம் வந்தது, கடிதாசி நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் ஐந்து வருஷம் ஓடியது. போன மாதம்தான் வந்து சேர்ந்தார், பாதி ஆளாக.

[அங்கே அவர் பட்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். மனைவியிடமே சொல்லாததை உங்களிடம் நான் எப்படிச் சொல்வது?]

அந்தக் காலத்து மதார் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பதில் சூரர். "உப்பு பத்தல." "உப்புத் தூக்கல்." "இது என்ன பக்கோடாவா, தலவாணிப் பஞ்சா?" ஜைனம்பு கண்கலங்கிய நாளும் உண்டு, கரண்டியை எறிந்த நாளும் உண்டு. இப்போதோ வைத்ததைத் தலைகுனிந்து தின்கிறார். "நல்லா இருக்கா மச்சான்?" என்றால், "ம்." அந்த "ம்" அவளை அரித்தது. வந்தவர் தன் மதார்தானா என்று ஒரு நாள் நினைத்தேவிட்டாள். நினைத்ததற்காக அழுதாள்.

3

அன்று வெள்ளிக்கிழமை. சுவருக்கு மேல் பஞ்சவர்ணத்தின் தலை தெரிந்தது. ஜைனம்பு ஒரு துணுக்கு வெங்காயத்தை மாவோடு நீட்டினாள்.*

"நான் இன்னிக்கு ஆடி வெள்ளி விரதம்க்கா. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல."

"அடியே, ரெண்டு பேரும் நோம்பா? அப்ப உப்ப யாரு பாக்குறது?"

"குடுங்க, நாக்குல வச்சுப் பாக்குறேன். ஆத்தா கோச்சுக்க மாட்டா."

"வேணாம்டி, போ."

கையை இழுத்துக்கொண்டபோதுதான் ஜைனம்புவுக்கு அந்த யோசனை வந்தது. உப்பே போடாமல் சுட்டு வைத்தால்?

[* நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்பார்கள் சிலர். ஜைனம்புவுக்கு மனம் ஒப்பாது.]

3 (திருத்தியது)

மேலே கடைசி வரிகளில் ஒரு பிழை. சந்தேகம் வந்து நானே அடுப்பேற்றிப் பார்த்தேன். உப்புப் போடாத வெங்காயம் தண்ணீர் விடவில்லை, மாவு ஒட்டவில்லை. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் பக்கோடா சொதசொதவென்று வந்தது. உப்பில் பிசறி வைத்து, வெங்காயம் விடும் ஈரத்திலேயே மாவைப் பிடித்தால்தான் மொறுமொறுப்பு. ஜைனம்புவுக்கு இது கைப்பழக்கம். அவள் உப்பில்லாமல் சுடவே மாட்டாள். ஆகவே அந்த வரிகளை அடித்துவிடுங்கள். நடந்தது இதுதான்:

வெங்காயம் ஏற்கெனவே உப்பில் ஊறி, கடலை மாவும் சேர்ந்து பதமாக இருந்தது. ஜைனம்பு உப்புச் சட்டியில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி மேலே போட்டாள்.

"ஐயய்யோ, அக்கா! முன்னாடியே போட்டுட்டீங்க!" என்று சுவருக்கு மேலிருந்து பஞ்சவர்ணம் அலறினாள்.

"தெரியும்டி. அவரு வையணும். வைஞ்சு அஞ்சு வருசம் ஆவுது."



ஜைனம்பு மாவை உதிர்த்து விட்டாள். எண்ணெய் சலசலத்தது. நாளெல்லாம் தண்ணீர் குடிக்காத மனுஷருக்கு இப்படி ஒன்றைக் கொடுக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை. "யா அல்லாஹ், ஒரு வார்த்தைக்குத்தான். மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தபடியே பொன்னிறத்தில் அரித்தெடுத்தாள்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

மதார் தட்டு முழுவதும் தின்று, செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். [பினாங்கில் அவர் என்னவெல்லாம் தின்றிருப்பார் என்பது ஜைனம்புவுக்கு அப்போதுதான் புரிகிறது. நம்பும்படியான முடிவுதான். எனக்குத்தான் தாங்கவில்லை.]

மதார் கத்துகிறார், அவள் சிரிக்கிறாள். [எனக்குப் பிடித்தது இதுதான். பிடித்திருப்பதாலேயே பயமாக இருக்கிறது.]

பாங்கு சொல்லியாயிற்று. மதார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பக்கோடாவை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்றது. தாடை பாதியில் நின்றது. ஊர் வந்து சேர்ந்த பிறகு முதன்முறையாக நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

இதற்குமேல் என்னிடம் வரி இல்லை. மதாரின் குரலை நான் கேட்டதில்லை. ஆனால் இன்னொரு முறை நம்மை வையாதா என்று நாம் ஏங்குகிற ஒரு குரல் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கிறது. என் வீட்டிலும் இருந்தது. உங்கள் வீட்டுக் குரலில் மதாருக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். ஜைனம்பு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.