சேர்ந்ததென்று யார் சொல்வது

1983, ஆடி மாதம். குன்னூர் விருந்தினர் விடுதிக் கூடத்தில் பதினோரு பொறியாளர்கள் உட்கார்ந்து, வெவ்வேறு கம்பெனிக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். கம்பியைக் கவனிக்க ஓர் அடுக்கு, பக்கத்து நிலையத்துக்குச் செய்தியைத் தள்ள அதன்மேல் ஓர் அடுக்கு, வழி தேட இன்னொன்று என்று வேலையைப் பிரித்திருந்தார்கள்.

அந்த வரைவைத் தட்டச்சு செய்ய வந்தவள் தெய்வம்மா. இலங்கையில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வருஷத்துக்கு முன் கப்பலேறி வந்தவள். இப்போது டெலிபிரிண்டர் ஆபரேட்டர். அவளைப் போலவே அங்கிருந்து திரும்பி மண்டபம் முகாமில் வந்திறங்கும் குடும்பங்களுக்கு நீலகிரியில் எந்தத் தோட்டத்தில் வேலை என்ற செய்தி அவள் கை வழியாகத்தான் போகும்.

இரண்டாம் நாள், பதினான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"சார், இதுல ஒரு பிழை இருக்கு."

கூட்டத்தலைவர் அழகர்சாமி கோவைக்காரர். "எழுத்துப் பிழைங்களா?"

"இல்ல சார். பக்கத்து நிலையம் வாங்கிக்கிட்டாலே செய்தி சேர்ந்த மாதிரின்னு போட்டிருக்கு. ஒரு புயலப்ப மதுரை 'கெடச்சது'ன்னு சொல்லிச்சு. மதுரைக்கும் மண்டபத்துக்கும் நடுவுல லைன் அறுந்து கெடந்துச்சு. நாப்பது குடும்பம் நாலு நாள் சும்மா காத்துக் கெடந்தாங்க. அதுக்கப்புறம் மண்டபமே பதில் சொல்லாம நான் விடுறதில்ல."

ஒருவர் சிரித்தார். அழகர்சாமி சிரிக்கவில்லை. ஜீப்பில் கொண்டுவந்திருந்த மூன்று கணினிகளை வரிசையாக இணைக்கச் சொல்லி, கடைசிக் கணினிக்குப் போகும் கம்பியைத் தானே பிடுங்கினார். முதல் கணினியிலிருந்து செய்தி கிளம்பியது. கடைசித் திரை வெறுமையாகக் கிடக்க, முதல் திரையில் 'சேர்ந்தது' என்று வந்து நின்றது.

அழகர்சாமி பதினான்காம் பக்கத்தை எடுத்து, அந்த வரியின் மேல் கோடு போட்டார்.

மாலைக்குள் மேலே இன்னோர் அடுக்கு ஏறியது. நடுவில் எத்தனை நிலையம் வாங்கினாலும், கடைசிக் கணினியே பதில் அனுப்ப வேண்டும்; பதில் வராவிட்டால் செய்தியைத் திரும்ப அனுப்ப வேண்டும்.

"பங்களிச்சவங்க பட்டியல்ல உங்க பேரும் வரணுங்க," என்றார் அழகர்சாமி. "மத்தவங்களுக்கெல்லாம் பட்டம் போட்டிருக்குது. உங்களுக்கு என்னன்னு போடறதுங்க?"

"ஆபரேட்டர்னே இருக்கட்டும் சார்."

புதுத் தாளைச் செருகி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கப்பலேறிய நாளிலிருந்து எத்தனையோ காகிதங்களில் அவள் பெயரை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. இதை அவளே அடித்தாள், ஓர் எழுத்தும் பிசகாமல்.