கொப்புளிப்பான்

சுகிர்தனிடம் சொல்லிவிட்டுத்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டுவது என்று முடிவெடுத்திருந்தேன். கலியாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இன்றும் சொல்லாவிட்டால் நீ ஒரு மனுசியே இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டு அவரைச் சந்திக்க வெள்ளவத்தைச் சைவக் கடைக்குப் போனேன்.

என் உடம்பில் ஹெர்பீஸ் வைரஸ் இருக்கிறது. முன்பு காதலித்தவன் தந்துவிட்டுப் போனது. வருடத்தில் ஓரிரு தடவை மறைவிடத்தில் கொப்புளம் போடும், எரியும், ஆறும். மற்ற நாட்களில் நரம்புக்குள் நித்திரை கொள்ளும். உடம்பை விட்டு மட்டும் போகாது. தினமும் மாத்திரை எடுத்தால் கட்டப்போகிறவருக்குத் தொற்றுவது குறையும், ஆனாலும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்றார் டொக்டர் ஹிபா. அவருக்கென்ன, லேசாகச் சொல்லிவிட்டார். எந்தச் சொல்லால் சொல்வது? பாலியல் தொற்று என்றால் ரேடியோ அறிவித்தல் மாதிரி இருக்கும். எஸ்.டி.டி. என்றால் பக்கத்து மேசைக்கும் விளங்கும்.

தோசை வந்தது. சுகிர்தன் சம்பலை என் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர். அதுதான் எனக்குப் பெரிய ஆக்கினை.

"உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். எனக்கு ஒரு வைரஸ் வருத்தம் இருக்கு. கொப்புளம் கொப்புளமா வாறது."

"கொப்புளிப்பானோ?"

கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை எங்கள் வீடுகளில் மரியாதையான வருத்தம். அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலை கட்டுவார்கள், குளிர்ச்சியாகச் சாப்பாடு தருவார்கள். யாரிடமிருந்து தொற்றியது என்று யாரும் கேட்பதில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் சம்பலைத் தொட்டுக்கொண்டேன்.

"மேனுகா, இதுக்கே இவ்வளவு பயம்? எனக்கும் சின்னனில வந்தது. ஒருக்கா வந்தால் திரும்ப வராது."

"வந்தால்?"

"வராது எண்டுறன்." அவர் சிரித்தார். "நீங்கள் முகத்தை வச்சிருந்த மாதிரிக்கு நான் பயந்தே போனன். ஏதும் கூடாத வருத்தமாக்கும், கலியாணத்தை நிப்பாட்டோணுமாக்கும் எண்டு நினைச்சன்."

இப்போதாவது சொல்லடி என்று மனம் கிடந்து அடித்தது. நான் தண்ணீரைக் குடித்தேன்.

"வேற ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை," என்றேன்.

அவர் நிம்மதியாகத் தோசையைப் பிய்த்தார். எனக்கு என்மீதே அருவருப்பாக இருந்தது. ஒருநாள் அவருக்கும் கொப்புளம் போடும். இது எங்கிருந்து வந்தது என்று அவர் முதலில் என்னிடம்தான் வந்து கேட்பார், என்னை நம்பி.